ஐப்பசி மழைக்கு முன் தோட்டப் பாத்திக்கு மக்கு எரு

சங்கரன்கோயில் வட்டாரத்திலுள்ள மேலநீலிதநல்லூரையும் அதைச் சூழ்ந்த கிராமங்களையும் தாமிரபரணிக் கால்வாய்கள் எட்டுவதில்லை. குளத்தையும் கிணற்றையும் வானத்தையும் நம்பியே இங்குள்ள குடியானவர்கள் பயிரிட்டு வருகிறார்கள். ஆடி மாதத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றானது குற்றாலத்திலும் தென்காசியிலும் சாரலைச் சிந்திவிட்டு, இப்பக்கம் வந்து சேரும்போது பெரும்பாலும் வெறுங்காற்றாகவே வருகிறது. வருஷத்து மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், அதாவது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், சில நாட்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். திருநெல்வேலியிலிருந்து பிரிந்து 2019-ஆம் ஆண்டில் தென்காசி தனி மாவட்டமானபோது இவ்வட்டாரம் அதனோடு சேர்ந்தது. மாவட்டத்தின் பெயர் மாறியதேயன்றி மழையின் வழக்கம் மாறவில்லை.

ஆகவே, தோட்டக்காரர் ஒருவர் தம் பாத்திகளைக் குறித்துக் கேட்டுக்கொள்ள வேண்டிய முதற் கேள்வி, அந்தச் சில நாள் மழையில் எவ்வளவு நீர் என் மண்ணுக்குள் இறங்கி நிற்கும் என்பதே. மக்கிய எருச் சத்து இல்லாத செம்மண் பாத்தியில் கனத்த மழைத்துளி விழுந்தால் மண்கட்டிகள் உடைந்து கரைந்து, மேலே மெழுகினாற்போல் படிகின்றன. வெயில் வந்ததும் அது பொருக்குத் தட்டிவிடும். பொருக்கின் மேல் பெய்யும் அடுத்த மழை பாத்தியில் இறங்காமல் வாய்க்காலைத் தேடி ஓடுகிறது. கூடவே மேல்மண்ணையும் கொண்டுபோகிறது. கரிசலின் குறை வேறு விதமானது. அது நீரைப் பிடித்து வைப்பதில் வல்லது. ஆனால் நனைந்தால் களியாகிக் காற்றோட்டமற்றுப் போகும், காய்ந்தால் வெடிக்கும். இந்த இருவகை மண்ணுக்கும் மருந்து ஒன்றே. நன்கு மக்கிய எரு மண்துகள்களை ஒட்டவைத்துச் சிறுசிறு பொருபொருத்த கட்டிகளாக்குகிறது. செம்மண்ணில் அது நீரை நிறுத்தும். கரிசலில் நீருக்கும் காற்றுக்கும் வழி திறக்கும். கார்த்திகையில் மழை நின்றபின் எத்தனை நாட்களுக்குள் கிணற்று மோட்டாரை ஓட்ட நேரிடும் என்பது பெரும்பாலும் இதனால் தீர்மானமாகிறது.

குளிர்தேசத்துத் தோட்டக்காரர்களும் இதே மாதங்களில்தான் பாத்திகளுக்கு மக்கு எரு இடுகிறார்கள். ஆனால் அவர்கள் செய்வதைக் கண்டு நாம் அப்படியே செய்யலாகாது. அங்கே அது இலையுதிர் காலம். அறுவடை முடிந்து பாத்திகள் ஓய்ந்திருக்கும். பாதி மக்கிய எருவைப் பரப்பி, அதன்மேல் பனி மூடவிட்டு, வசந்தம் வரும்வரை அவர்கள் காத்திருக்கலாம். நமக்கோ ஐப்பசி ஓய்வுகாலமன்று. கத்தரியும் மிளகாயும் ஈருள்ளியும் வேர்விடும் காலம். இட்ட அன்றே பயிருக்குத் துணையாக நிற்கக்கூடிய எரு, அதாவது முழுவதும் மக்கிய எரு, நமக்கு வேண்டும். அது புரட்டாசிக் கடைசியில் கையில் இருக்க வேண்டுமானால், குழியைச் சித்திரையிலேயே நிரப்பியாக வேண்டும். இவ்வூர்ப் பக்கங்களில் மக்கு எரு தவறிப்போவது அறியாமையினால் அல்ல, பெரும்பாலும் இந்த மாதக் கணக்குப் பிசகுவதனாலேயே என்பது நமது அபிப்பிராயம்.

முற்றும் மக்காததை இட்டால் வரும் தீங்கு யாது என்று சிலர் கேட்பதுண்டு. பருத்திமார், சோளத்தட்டை, சருகு ஆகியவற்றில் கரிமப் பொருள் மிகுதி, தழைச்சத்து சொற்பம். அவற்றை மக்கச்செய்யும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தம் உடம்பைப் பெருக்கிக்கொள்ளத் தழைச்சத்தைத் தேடும். தட்டையில் போதாதபோது மண்ணில் உள்ளதை எடுத்துக்கொள்ளும். அப்போது நாம் நட்ட கத்தரி நாற்று, எரு இட்ட பாத்தியிலேயே பட்டினி கிடந்து மஞ்சளிக்கும். அதைக் கண்டு எரு கெட்டது என்று எண்ணி யூரியாவைத் தூவுகிறோம். பச்சைச் சாணத்தை அப்படியே இடுவதிலும் வேறு தொந்தரவு உண்டு: களை விதைகள் உயிரோடு வந்து முளைக்கும், வேரைத் தின்னும் வெள்ளைப் புழுவும் அதனோடு வந்து சேரும்.

சாணம் உறைமோர், பால் அன்று

முன்காலத்தில் கமலை இறைத்த தோட்டம் ஒவ்வொன்றிலும் மாடுகள் நின்றன. உழவுக்கும் அவையே, வண்டிக்கும் அவையே. இன்று இறைப்பது மின்சார மோட்டார், உழுவது டிராக்டர். தொழுவத்தில் ஒரு பசுவோ இரண்டோ நிற்கின்றன. சில வீடுகளில் ஆடு மட்டுமே உண்டு. எனவே ‘எருப் போடச் சாணத்துக்கு எங்கே போவது?’ என்ற கேள்வி நியாயமானதே.

சாணம் பற்றிய முறையீடு புதியதன்று. இந்திய விவசாயத்தை ஆராய 1889-ஆம் ஆண்டில் இங்கு அனுப்பப்பட்ட வோல்க்கர் என்னும் இங்கிலாந்து தேசத்து ரசாயன நிபுணர், 1893-இல் வெளிவந்த தமது அறிக்கையில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். குடியானவன் சாணத்தை வறட்டியாக்கி எரிப்பது சோம்பலாலோ அறியாமையாலோ அல்ல, விறகு கிடைக்காமையால்தான் என்றும், விறகுக்கு வழிசெய்தால் சாணம் தானே வயலுக்குப் போகும் என்றும் அவர் கருதினார். இப்போது அநேக வீடுகளில் சமையல் எரிவாயு வந்துவிட்டது, எரிப்பது குறைந்துவிட்டது, ஆனால் அதற்குள் மாடும் குறைந்துவிட்டது!

இதற்கு வழி, சாணத்தைப் பற்றிய நம் எண்ணத்தை மாற்றிக்கொள்வதே. ஒரு பானைப் பாலைத் தயிராக்க ஒரு கரண்டி உறைமோர் போதும். மக்கு எருவில் சாணத்தின் வேலை அத்தகையது. பால் என்பது தோட்டத்திலும் தெருவிலும் கிடக்கும் செடிகொடிக் கழிவுகள்: பிடுங்கிய பருத்திமார், கம்மந்தட்டை, நிலக்கடலைத் தொலி, உளுந்தம் பொட்டு, வேப்பஞ் சருகு, மாட்டுக்குப் போட்டு மிஞ்சிய கூளம், பூக்கட்டும் வீடுகளில் ஒதுக்கும் வாடிய பூவும் காம்பும். இவற்றோடு பச்சைத் தழை சேர வேண்டும். கொழுஞ்சி, ஆவாரை, எருக்கு, அகத்தி, வேலிக் கிளுவை, பூக்காத களைகள் ஆகிய எதுவும் ஆகும். உலர்ந்ததில் குறைவாக உள்ள தழைச்சத்தைப் பச்சைத் தழை ஈடுசெய்கிறது. கரிமம் 30 பங்குக்குத் தழைச்சத்து 1 பங்கு என்ற அளவில் கலவை அமைந்தால் மக்குதல் விரைவாக நடக்கும் என்பது ஆராய்ச்சிக்காரர் கண்ட கணக்கு. நிறுத்துப் பார்க்க நம்மால் ஆகாது. சருகு மூன்று கூடைக்குப் பச்சை ஒரு கூடையும் ஆட்டுப் புழுக்கை அரைக் கூடையும் என்று வைத்துக்கொண்டால் பெரிதும் தவறு நேராது.

மாட்டு மூத்திரத்தை வீணாக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பால் போக முடியவில்லை. மாடு வெளிவிடும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதியும், சாம்பல் சத்தில் பெரும்பகுதியும் மூத்திரத்தில்தான் இருக்கின்றன. சாணத்தை ஒரு துளி சிந்தாமல் வழித்தெடுக்கும் வீட்டிலேயே மூத்திரம் தொழுவத்து மண்ணில் ஊறி நாற்றமாய்ப் போகிறது. மாட்டின் கீழே சருகையோ கடலைத் தொலியையோ அரையடி கனத்துக்குப் பரப்பி, வாரத்துக்கு ஒரு முறை அதை வாரிக் குழிக்குக் கொண்டுபோனால் போதும். மண்தரைத் தொழுவமானால் மேல்மண்ணை மாதம் ஒரு தரம் கொத்தியெடுத்துக் குழியில் இட்டுப் புதுமண் பரப்பலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

அடுப்புச் சாம்பலை மட்டும் சாணத்தோடும் மூத்திரத்தோடும் கலத்தல் ஆகாது. பலரும் சாம்பலைக் குப்பைக்குழியில் கொட்டுவதே வழக்கம். சாம்பலின் காரத்தினால் தழைச்சத்து ஆவியாகிப் பறந்துவிடும். குழியருகே மூக்கில் ஏறும் நெடி அதுவே. சாம்பலைத் தனியே ஒரு பானையில் நனையாமல் வைத்திருந்து, பாத்திக்கு நேரே தூவிக்கொள்ளலாம்.

இந்தூர் முறையும் பெங்களூர் முறையும்

நம் நாட்டில் மக்கு எருவை முறைப்படுத்தியவர்களில் முதலில் நினைக்கத்தக்கவர் ஆல்பர்ட் ஹோவர்டு. மத்திய இந்தியாவில் இந்தூர் நகரத்துப் பயிராராய்ச்சி நிலையத்தில் 1924 முதல் 1931 வரை இருந்து, யஷ்வந்த் வாட் என்பவருடன் கூடி அவர் வகுத்த முறைக்கு இந்தூர் முறை என்று பெயர் வந்தது. சருகு, பச்சை, சாணக் கரைசல், மூத்திர மண், சிறிது சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காகப் பரப்பி, நனைத்து, மூன்று முறை புரட்டிக் கொடுத்தால் மூன்று மாதத்தில் எரு தயாராகும். பருத்திமார் போன்ற கடின மாறுகளை அவர் பண்ணைப் பாதையில் பரப்பி, போகிற வருகிற வண்டிச் சக்கரங்களால் நொறுக்கச் செய்தார். நம் பக்கத்தில் தார் ரஸ்தாவில் தானியத்தைப் பரப்பி மோட்டார் வண்டிகளைக் கொண்டு மிதிக்கச் செய்யும் பழக்கம் உண்டல்லவா? இருசக்கர வண்டிக்காரர் வழுக்கி விழ ஏதுவாகும் அவ்வேலையைப் பருத்திமாருக்கும் செய்ய வேண்டாம்; களத்தில் பரப்பி டிராக்டரை நாலு முறை ஓட்டினாலே மாறு நொறுங்கிவிடும்.

மற்றொன்று பெங்களூர் முறை. இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சி. என். ஆச்சார்யா என்பவர் 1939-ஆம் ஆண்டளவில் நகரக் குப்பையையும் மலக்கழிவையும் எருவாக்குவதற்காக இதனை வகுத்தார். யுத்த காலத்து அதிக உணவு உற்பத்தி இயக்கத்தின்போது நகரசபைகள் பல இதைக் கைக்கொண்டன. குழியில் அடுக்கடுக்காக நிரப்பி, மேலே மண்பூச்சுப் பூசி மூடிவிடுவது, புரட்டுவதில்லை. வேலையும் தண்ணீரும் குறைவு. ஆனால் மக்குவதற்கு ஆறு முதல் எட்டு மாதம் பிடிக்கும்.

சித்திரை வெயிலிலும் ஆடிக் காற்றிலும் சங்கரன்கோயில் பக்கத்தில் எந்த முறை ஏற்கும்? தரைக்கு மேல் குவிக்கும் குவியலைக் காற்று இரண்டு நாளில் உலர்த்திவிடும். உலர்ந்த குவியல் மக்காது. அதைக் கறையான் எடுத்துக்கொள்ளும். சங்கரநாராயண சுவாமி கோயிலில் புற்றுமண்ணைப் பிரசாதமாகப் பெறுகிற நமக்குக் கறையான்மீது பகையில்லை; எனினும் நம் எருவை அது தன் வீட்டுக்குக் கொண்டுபோனால் பாத்திக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. மறுபுறம், முற்ற மூடிய குழி புரட்டாசிக்குள் பக்குவமாவது சந்தேகம். எனவே இரண்டையும் இணைத்துச் செய்வது நலம்: குழியில் நிரப்பி மூடுவது, நடுவில் ஒரே ஒரு முறை திறந்து புரட்டி நனைத்து மீண்டும் மூடுவது. இதற்கு நல்ல அடையாள நாள் ஒன்று நம்மிடமே இருக்கிறது. ஆடித்தபசு முடிந்த வாரத்தில் புரட்டுவது என்று வைத்துக்கொண்டால் ஊரில் எவருக்கும் மறக்காது.

குழி

மழைநீர் தேங்காத மேட்டில், வேம்போ புளியோ நிழல்தரும் இடத்தில், மேல்காற்றை ஒரு சுவரோ வேலியோ தடுக்குமாறு பார்த்துக் குழி வெட்ட வேண்டும். நீளம் 10 அடி, அகலம் 5 அடி, ஆழம் 3 அடி போதும். குடிநீர்க் கிணற்றுக்கு அருகில் வெட்டலாகாது. இக்குழி நிறைய இட்ட பொருள் மக்கி அமிழ்ந்தபின் ஏறக்குறைய ஒரு டன் எரு கிடைக்கும். அது பத்து சென்ட் காய்கறித் தோட்டத்துக்கு ஆகும்.

நிரப்புவதற்கு முன் உலர்ந்த பொருள்களை ஓர் இரவு நனைய வைப்பது முக்கியம். உலர்ந்த சருகு எவ்வளவு எடையோ ஏறக்குறைய அவ்வளவு எடை தண்ணீர் அதற்கு வேண்டும். கோடையில் இது சிரமமே. மாட்டுத் தொட்டியில் மிஞ்சும் தண்ணீர், அரிசி கழுவிய நீர், சோப்புக் கலவாத புழக்கநீர் எல்லாம் இதற்கு ஆகும். கோடை மழை ஒன்று கிடைத்துவிட்டால் மறுநாளே குழி நிரப்பலை வைத்துக்கொள்வது சாமர்த்தியம். போதிய ஈரத்துக்கு அடையாளம்: ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் விரலிடுக்கில் நீர் கசிய வேண்டும், சொட்டலாகாது.

அடியில் நொறுக்கிய பருத்திமாரைப் பரப்பி, அதன்மேல் நனைந்த சருகும் தட்டையும் அரையடி, பச்சைத் தழை இரண்டு அங்குலம், அதன்மேல் ஆட்டுப் புழுக்கையும் மூத்திர மண்ணும் சிறிது. பின்பு சாணத்தைக் கஞ்சிபோல் கரைத்து எங்கும் படுமாறு தெளிக்க வேண்டும். இவ்வாறே அடுக்கடுக்காகத் தரைக்கு மேல் ஒன்றரை அடி உயரும்வரை நிரப்பலாம், அமிழும்போது சமமாகிவிடும். ஒரு குழியை ஒரு வாரத்துக்குள் நிரப்பி முடிப்பது நல்லது. தினம் ஒரு கூடையாக ஆறு மாதம் கொட்டிவந்தால் அது குப்பைமேடே தவிர எருக்குழி ஆகாது, சூடு ஏறாது.

அந்தச் சூடுதான் முறையின் உயிர். நிரப்பிய சில நாட்களில் உள்ளே 55 முதல் 65 டிகிரி சென்டிகிரேடு வரை ஏறும். ஓர் இரும்புக் கம்பியைக் குத்தி வைத்திருந்து எடுத்துத் தொட்டால் கை பொறுக்காது. களை விதைகளில் பெரும்பாலானவையும் நோய்க் கிருமிகளும் பருத்திக் காயில் ஒளிந்திருக்கும் புழுக்களும் அதில் மாளும். பருத்திச் செடியை நிலத்திலேயே விட்டுவைப்பது பூச்சியைப் பேணி வளர்ப்பதாகும் என்பதனாலேயே, சென்னை மாகாணத்தில் 1919-ஆம் ஆண்டில் இயற்றிய பயிர்ப்பூச்சி, நோய்ச் சட்டத்தைக் கொண்டு கம்போடியாப் பருத்தியைக் குறித்த நாளுக்குள் பிடுங்குமாறு ஆணையிடப்பட்டது. பிடுங்கியதை எரிப்பதைவிடக் குழியில் இடுவது மேல். எரித்தால் மிஞ்சுவது சாம்பல். தழைச்சத்தும் கரிமமும் புகையாய்ப் போய்விடும். சீமைக் கருவேலின் தழையை இடலாம். நெற்றை மட்டும் விலக்க வேண்டும், அதன் விதையை எந்தச் சூட்டுக்கும் நம்பி விட முடியாது. பிளாஸ்டிக் தாளையும் கண்ணாடியையும் முன்னதாகவே பொறுக்கிவிட வேண்டும். முற்காலத்து எருக்குழிகளில் இல்லாத இந்தத் தொல்லை இப்போது முதல் தொல்லையாகிவிட்டது.

இரண்டு வாரம் சூடேற விட்டு, களிமண்ணும் சாணமும் கூளமும் குழைத்து ஓர் அங்குலக் கனத்தில் பூசி மூடிவிடலாம். பூச்சு வெடித்தால் ஈரம் போய்விடும். வெடிப்பைக் கண்ட அன்றே மெழுகிவிட வேண்டும். ஆடித்தபசுக்குப் பின் திறந்து, ஓரத்தில் உள்ளது நடுவிலும் மேலே உள்ளது அடியிலும் போகுமாறு புரட்டி, வேண்டிய நீர் தெளித்து மறுபடி மூடினால், புரட்டாசியில் எரு பக்குவமாக இருக்கும். திறக்கும்போது கொழுத்த வெள்ளைப் புழுக்கள் தென்பட்டால் பொறுக்கிக் கோழிக்குப் போடலாம்.

பக்குவமான எரு கறுத்து உதிர்ந்து வரும். இட்ட பொருள் இன்னதென்று அடையாளம் தெரியாது. கோடையில் முதல் மழை விழுந்த மண்ணின் வாசனை வீசும். இதில் ஐயம் இருந்தால் ஒரு கைப்பிடியை நனைத்துக் காற்றுப் புகாமல் ஒரு பையில் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்து பார்க்கலாம். துர்நாற்றம் வீசினால் இன்னும் காலம் இருக்கிறது. பாசிப்பயறு பத்து மணியை எருவும் மண்ணும் சரிபாதி கலந்த சட்டியில் விதைத்து, முளைப்பு குறைகிறதா என்று பார்ப்பதும் நல்ல பரீட்சை. மக்காத பருத்தி மாறுகளைச் சலித்தெடுத்து அடுத்த குழியின் அடியில் போட வேண்டும்.

பாத்தியில் இடுதல்

வண்டியில் கொண்டுபோன எருவை நிலத்தில் சிறுசிறு குப்பல்களாகத் தட்டி, வாரக்கணக்கில் வெயிலில் கிடக்கவிட்டுப் பிறகு கலைப்பது நெடுநாள் வழக்கம். நாலைந்து மாதப் பாடுபட்டுச் சேர்த்த தழைச்சத்தில் ஒரு பகுதி இவ்வாறு காற்றோடு போகிறது. புரட்டாசியில் முதல் மழை விழுந்து மண்வெட்டி இறங்குமளவுக்கு ஈரம் கண்டதும், மாலை வெயில் தாழ்ந்த நேரத்தில் கொண்டுபோய், பரப்பிய கையோடு கொத்தி மண்ணில் கலந்துவிட வேண்டும். பெருமழைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கரிசலில் பத்து நாள் கால் வைக்க முடியாது, பருவமும் தவறிவிடும்.

அளவைப் பற்றிய கணக்கு எளிது. கத்தரி, மிளகாய் முதலிய காய்கறிகளுக்கு ஹெக்டேருக்கு 25 டன் எரு என்பது தமிழ்நாட்டில் வழங்கும் சிபாரிசு. அது ஒரு சென்டுக்கு 100 கிலோ ஆகும். பத்தடி நீளமும் நாலடி அகலமும் உள்ள ஒரு பாத்திக்கு 9 கிலோ, அதாவது நடுத்தரக் கடகத்தில் ஒன்று. பரப்பிப் பார்த்தால் இது மிகவும் மெல்லிய போர்வையாகவே இருக்கும். ஆகையால் எரு குறைவாக உள்ளவர்கள் பாத்தி முழுவதும் தூவாமல் நாற்று நடும் வரிசையில் மட்டும் இட்டு நாலு முதல் ஆறு அங்குல ஆழத்துக்குள் கலப்பது உத்தமம். வீட்டுக் கொல்லையில் நாலைந்து பாத்தி மட்டும் வைத்திருப்பவர் இதற்கு இருமடங்கு இட்டாலும் தவறில்லை.

பாத்தியைச் சுற்றிலும் அரையடி தாழ்த்தி வாய்க்கால் எடுத்துப் பாத்தியை உயர்த்திக்கொண்டால் பெருமழையில் வேர் அழுகாது. நட்டபின் செடிக்குச் செடி இடைவெளியில் சருகு மூடாக்கு இட வேண்டும். மழைத்துளி மண்ணில் நேரே அறையாமல் அது தடுக்கும். மழை நின்றபின் ஈரத்தையும் காக்கும். மூடாக்கு மண்ணுக்கு மேலே கிடப்பதனால் நாம் முன்சொன்ன தழைச்சத்துப் பஞ்சம் அதனால் பெரிதும் நேராது.

மானாவாரிக் காட்டுக்கு இவ்வளவு எரு இடுதல் எவராலும் முடியாது. அதற்கு வேறொரு சிக்கன வழி உண்டு. ஏக்கருக்கு 300 கிலோ நன்கு மக்கிய எருவில் அந்நிலத்துக்கு வேண்டிய சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, ஈரமாக்கிக் குவித்து மூடி, ஒரு மாதம் நிழலில் வைத்திருந்து விதைப்போடு இடுவது. ஊட்டமேற்றிய தொழு உரம் என்று விவசாய இலாகாவினர் சொல்வது இதுவே. கிடை அமர்த்தும் வசதி உள்ள காடுகளுக்கு அதுவும் ஏற்றது.

ஒரு மூட்டை யூரியாவும் நாலு டன் எருவும்

இனி, கணக்கறிந்த அங்கத்தினர் எழுப்பும் ஆட்சேபம் ஒன்றுக்கு விடை கூற வேண்டும். கிராமத்து மக்கு எருவில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்குதான். நூறு கிலோ எருவில் அரைக் கிலோ. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு. ஆக, ஒரு சென்டுக்கு நாம் சுமந்து கொட்டும் நூறு கிலோ எருவின் தழைச்சத்து, ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட யூரியாவில் அடங்கிவிடுகிறது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்கு ஈடாக ஏறக்குறைய நாலு டன் எரு வேண்டும். அதிலும் எருவின் தழைச்சத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் முதல் பயிருக்குக் கிடைப்பதில்லை. மிச்சம் மெல்ல மெல்லத்தான் வரும். பின் எதற்காக இந்தப் பாடு?

இந்தக் கணக்கு பொய்யன்று. இதை மறைத்து எருவைப் புகழ்வதில் பயனுமில்லை. ஆனால் யூரியாவில் தழைச்சத்து மட்டுமே உண்டு. எருவில் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் துத்தநாகம் முதலிய நுண்சத்துக்களும் சேர்ந்திருக்கின்றன. சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் துத்தநாகப் பஞ்சம் சாதாரணம். அதனினும் பெரிது, மண்ணின் கரிமச் சத்து. அது நூற்றுக்கு அரைப் பங்குக்குக் கீழே இருந்தால் மண் சோதனைச் சாலைகள் அதனைக் குறைவு என்று எழுதுகின்றன. நம் மானாவாரி நிலங்கள் பெரும்பாலும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவை. அத்தகைய மண்ணில் தூவிய யூரியாவில் கணிசமான பகுதி ஐப்பசி மழையோடு வேருக்குக் கீழே இறங்கிவிடுகிறது, அல்லது வாய்க்காலோடு போகிறது. விலை கொடுத்து வாங்கிய சரக்கைப் பிடித்து வைக்கும் பாத்திரம் எரு என்று கொள்ளலாம். கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில் 1909-ஆம் ஆண்டில் தொடங்கிய நிரந்தர எருச் சோதனை நூறாண்டுக்கு மேலாக நடந்துவருகிறது. ஒன்றுமே இடாத பாத்திகளைவிட எரு இட்டுவந்த பாத்திகளில் கரிமச் சத்து உயர்ந்து நிற்பது அங்கே கண்ட உண்மை. நம் வெயிலில் இச்சத்து விரைவாகக் கரைவதால் ஒரு வருஷம் இட்டு நிறுத்துவதில் பலன் நிலைக்காது. வருஷந்தோறும் இட வேண்டும். எருவை அடியுரமாக இட்டு, குறைகிற தழைச்சத்துக்கு மட்டும் யூரியாவைச் சிறுகச் சிறுகப் பிரித்துக் கொடுப்பதே இப்போதைய நிலைமையில் நடைமுறைக்கு ஒத்தது. எருவொன்றே போதும் என்பாரும், மூட்டையொன்றே போதும் என்பாரும் தத்தம் கிணற்று நீரையும் கடன் புத்தகத்தையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்களாக.

கடன் புத்தகம் என்றதும் சங்கத்தின் நினைவு வருகிறது. 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவு நாணய சங்கச் சட்டம் வந்தது முதல், ஐக்கிய நாணய சங்கம் என்ற பழைய பெயரிலும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் என்ற இன்றைய பெயரிலும் இவை பணத்தையும் உரத்தையும் வழங்கிவந்திருக்கின்றன. எருக்குழிக்குச் சங்கம் பணம் தர வேண்டியதில்லை. தனி ஒருவரால் வாங்க முடியாதவை இரண்டே: மாறு நொறுக்கும் யந்திரம் ஒன்றும், பெரிய தார்ப்பாய் சிலவும். நொறுக்கும் யந்திரம் சித்திரையில் இருபது நாள் ஊரைச் சுற்றிவந்தால் போதும். வருஷத்தில் மற்றை நாளெல்லாம் அது சும்மா நிற்குமாகையால் தனியார் வாங்குவது வீண். அடுத்தடுத்துள்ள இரண்டு மூன்று சங்கங்கள் கூடி ஒன்று வாங்கி மணிக்கணக்கில் வாடகைக்கு விடலாம். மகாசபைக் கூட்டத்தில் இதைப் பேசுவதானால் மாசிக்குள் பேசிவிட வேண்டும். பங்குனி போனால் பருத்திமார் அடுப்புக்குப் போய்விடும்.

சித்திரைக் குழியைத் தவறவிட்டவர்களுக்கு இந்த வருஷத்திலேயே இன்னொரு சமயம் உண்டு. கார்த்திகையில் மழை ஓய்ந்ததும் வரப்பிலும் ஓடைக்கரையிலும் களை இடுப்பளவு நிற்கும். பூக்குமுன் அதை அறுத்துக் காய்ந்த சருகோடு அடுக்கினால், மண்ணிலும் காற்றிலும் ஈரம் உள்ள அக்காலத்தில் குழியே வேண்டியதில்லை. தரைமேல் குவித்து இந்தூர் முறைப்படி மூன்று முறை புரட்டினால் மாசிக் கடைசியில் எரு தயாராகிவிடும். அதைக் கோடைக் கத்தரிக்கோ வெண்டைக்கோ இடலாம். மிஞ்சினால் தென்னோலை போட்டு மூடி நிழலில் வைத்து, அடுத்த புரட்டாசிவரை ஈரம் போகாமல் காத்துக்கொள்ளலாம்.